கிட்னி டெஸ்ட்: இரத்தம் எடுப்பதற்கு முழு மார்க், ரிப்போர்ட்டுக்குப் பாதிதான்

திருமலை (திருகோணமலை) டவுனில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருக்கிற தனியார் லாப் இது. அம்மாவுக்கு 72 வயது, சீனி வருத்தமும் பிரஷரும் இருப்பதால் கிட்னியைப் பார்க்கச் சொல்லி டொக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். இரத்தம் எடுக்கிற பிள்ளைக்கு நல்ல கை. அம்மாவின் நரம்பு லேசில் அகப்படாது, ஆனாலும் ஒரே குத்தில் எடுத்துவிட்டா. ரிப்போர்ட்டும் பின்னேரமே வட்ஸ்அப்பில் வந்தது.

வந்ததைப் பார்த்தால் யூரியா 46, அதற்குப் பக்கத்தில் பெரிய நட்சத்திரம். கவுண்டரில் இருந்தவர் "கூடியிருக்கு, கவனம்" என்று சொல்லி அம்மாவைப் பயப்படுத்தியும் விட்டார். தண்ணீர் குறைவாகக் குடித்தாலே யூரியா ஏறும், இந்த வெயிலுக்கு அது பெரிய அதிசயமில்லை. பார்க்க வேண்டியது கிரியேட்டினின். அது 1.1. பெண்களுக்கு 0.6 முதல் 1.1 வரை என்று அச்சடித்திருப்பதால் நட்சத்திரமும் இல்லை, பேச்சும் இல்லை.

கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு, அதனால் வெறும் எண்ணை மட்டும் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. 30 வயது ஆணுக்கு 1.1 என்றால் ஈ-ஜி-எப்-ஆர், அதாவது சிறுநீரகம் வடிகட்டும் வேகம், 90க்கு மேல் வரும். அதே 1.1ஐ அம்மாவின் வயதுக்குக் கணக்குப் போட்டால் 53 அளவில்தான் நிற்கிறது, ஆனால் ரிப்போர்ட்டில் இந்தக் கணக்கே இல்லை. 60க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் நாட்பட்ட நோய் என்பார்கள், எனவே ஒரு ரிப்போர்ட்டோடு இடிந்துபோகத் தேவையில்லை, ஆனால் திரும்பவும் பார்க்க வேண்டும் என்பதாவது வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டாமா? வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் கொடுத்தால் கம்ப்யூட்டரே போட்டுத் தருகிற கணக்கு இது, அதற்கென்று தனியாக இரத்தமும் வேண்டாம். பதவி சிறிபுர என்கிற ஊர்ப் பக்கம் எத்தனை குடும்பங்கள் சிறுநீரக நோயோடு கிடக்கிற மாவட்டத்தில் ஒரு லாப் இதைச் செய்யாமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொன்று, வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். கிரியேட்டினினுக்கும் யூரியாவுக்கும் அது தேவையில்லை, முதல்நாள் இரவு இறைச்சியை அளவுக்கு மீறிச் சாப்பிடாமல் இருந்தால் போதும். சீனிக்காரரைக் காலையில் பட்டினியாக வரிசையில் வைத்திருப்பது நல்லதில்லை.

போகிறவர்கள் ஈ-ஜி-எப்-ஆர் வேண்டும் என்று பில் போடும்போதே சொல்லுங்கள், கேட்டால் எழுதித் தருகிறார்கள். சீனி வருத்தம் உள்ளவர்கள் சிறுநீரில் அல்புமின் என்கிற புரதம் போகிறதா என்று பார்ப்பதையும் டொக்டரிடம் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள், கிரியேட்டினின் ஏறுவதற்கு முன்பே அதில் தெரிய வரலாம். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம், அதில் இரண்டு அந்தப் பிள்ளைக்கு.