கைவிடப்பட்ட சுரங்கத்தின் ஆபத்தை எப்படி அளப்பது? மூன்று வழிகள், ஓர் அலசல்

ஜோகன்னஸ்பர்க்கின் தெற்கிலும் மேற்கிலும் குடியிருக்கும் நம்மவர்களுக்கு அந்த மஞ்சள் மேடுகளைப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1886-ல் தங்கம் கண்ட நாளிலிருந்து பாறையை அரைத்து, தங்கத்தைப் பிரித்துவிட்டுக் கொட்டிய கழிவு மண். ஆகஸ்டில் காற்று கிளம்பினால் கொடியில் காயும் துணியிலும் ஜன்னல் விளிம்பிலும் வந்து உட்காரும். தோண்டிய கம்பெனிகள் பலவும் இன்று இல்லை. தென்னாப்பிரிக்கா முழுக்க இப்படிக் கேட்பாரற்றுக் கிடக்கும் சுரங்கங்கள் 5,906 என்று 2009-ல் தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கை சொன்னது.

இவற்றில் எது யாருக்கு ஆபத்து என்று கண்டுபிடிக்க மூன்று வழிகள் உண்டு. சுரங்கங்களுக்கு மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துவது ஒன்று. மண், தூசி, தண்ணீரைச் சோதிப்பது இன்னொன்று. மனிதர்களையே சோதிப்பது மூன்றாவது. நான் இரண்டாவதன் பக்கம். ஆனால் அதை இப்போது செய்கிற முறையில் எனக்குத் திருப்தி இல்லை.

முதலில் வரிசைப் பட்டியல். அரசின் கையில் இருக்கும் பணம் கொஞ்சம், சுரங்கங்களோ ஆயிரக்கணக்கில். எதை முதலில் மூடுவது என்று முடிவெடுக்கப் பட்டியல் இல்லாமல் முடியாது. கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) சுரங்கங்களுக்கு முன்னுரிமை கிடைத்தது அப்படித்தான், அது சரியான முடிவும்கூட. திறந்து கிடக்கும் குழி, சரியக்கூடிய மேடு போன்றவற்றை மண் பரிசோதனை காட்டாது. 1994-ல் மெரிஸ்ப்ரைட்டில் சுரங்கக் கழிவைத் தேக்கிய அணை உடைந்து 17 பேர் செத்தார்கள். 2022 செப்டம்பரில் யாகர்ஸ்ஃபோன்டெய்னில் மறுபடியும் ஓர் அணை உடைந்தது. இதையெல்லாம் பொறியாளர் நேரில் போய்ப் பார்த்தால்தான் கணிக்க முடியும். குறை என்னவென்றால், பட்டியல் சுரங்கத்துக்கு மதிப்பெண் போடுகிறது, அங்கே வாழ்கிறவர்களுக்கு அல்ல. ஆட்கள் குடியேறுவதை அது பின்தொடர்வதில்லை. க்ரூகர்ஸ்டார்ப் பக்கம் டியூடர் ஷாஃப்ட்டில் கழிவு மண்மீதே குடிசைகள் எழும்பி, பின்னால் கதிரியக்கப் பயத்தில் குடும்பங்களை இடம் மாற்ற வேண்டியதாயிற்று.

மனிதர்களைச் சோதிப்பதுதான் நேர்மையான வழி என்று பலர் சொல்வார்கள். ஈயத்துக்கு அது உண்மை, ரத்தத்தில் பார்த்துவிடலாம். ஆனால் ரத்தம் சொல்வது பெரும்பாலும் கடந்த சில வாரங்களின் கதை. சிறுநீரில் ஆர்சனிக் பார்த்தால் சில நாட்களின் கதை. கல்நாரோ எந்த ரத்தப் பரிசோதனையிலும் சிக்காது. 1960-ல் மருத்துவர் வாக்னரும் சகாக்களும் வட கேப் பகுதியின் நீலக் கல்நாரோடு தொடர்புடைய 33 மீசோதீலியோமா புற்றுநோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் பலர் சுரங்கத்தில் இறங்கியவர்களே அல்ல, பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். நோய் வெளியே தெரிய முப்பது நாற்பது வருடம் ஆகிறது. அதுவரை காத்திருந்து எண்ணுவதை ஆபத்து மதிப்பீடு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அதற்காக இந்த வழியை ஒதுக்கவும் மாட்டேன். கௌடெங், வடமேற்கு மாகாணங்களில் மேடுகளிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கும் முதியவர்களையும், ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2015-ல் வந்தது. அருகில் இருப்பவர்களுக்கு ஆஸ்துமா உள்ளிட்ட மூச்சுக்கோளாறுகள் அதிகம். அதிகாரிகளை உட்கார வைத்துப் பேச இது போதும். உங்கள் வீட்டு முற்றத்தில் குழந்தையை விளையாட விடலாமா என்பதற்கு மட்டும் அதில் பதில் கிடையாது.

அந்தப் பதில் மண் பரிசோதனையில்தான் கிடைக்கும். கணக்கு எளிது. மண்ணில் உலோகம் எவ்வளவு, ஒருவர் எவ்வளவு மண்ணை விழுங்குகிறார், உடல் எடை என்ன என்று பார்த்து, பாதுகாப்பான அளவால் வகுப்பார்கள். விடை ஒன்றைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். வழக்கமான அனுமானப்படி 15 கிலோ குழந்தை ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் மண்ணை விழுங்குகிறது, 70 கிலோ பெரியவர் 100 மில்லிகிராம். ஒரே முற்றம்தான், ஆனால் கிலோவுக்குக் கிலோ பார்த்தால் குழந்தைக்கு ஒன்பது மடங்கு. மசக்கையில் மண் தின்னும் பெண்களை இந்தக் கணக்கு சேர்ப்பதே இல்லை. நம் ஊரிலும் அந்தப் பழக்கம் உண்டு, இந்த நாட்டிலும் நிறைய உண்டு. தோட்டத்துக் கீரையும் சேப்பங்கிழங்கும் பல நேரம் விட்டுப்போகின்றன. கேட்டுச் சேர்க்க வைக்க வேண்டும்.

தூசிக்கு வைக்கும் வாளியைப் பார்த்திருப்பீர்கள். கம்பத்தில் மாட்டி, ஒரு மாதம் விட்டு, விழுந்ததை எடை போடுவார்கள். 2013 விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்கு வரம்பு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 600 மில்லிகிராம். எனக்கு இதில் இரண்டு ஆட்சேபங்கள். மாதச் சராசரியில் நாலு நாள் புழுதிக்காற்று காணாமல் போய்விடும். அப்புறம், வாளியில் விழுவது கனமான தூசி. நுரையீரலின் அடிவரை போகும் நுண்தூசி காற்றிலேயே மிதக்கும். தங்கக் கழிவில், மூச்சோடு போனால் நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்காதான் பெரும்பகுதி என்பதால் நுண்தூசியைத் தனியாக அளந்து, அதில் சிலிக்கா எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும். அது ஜன்னல் உயரத்தில், பள்ளிக்கூடத்தில், க்ளினிக் வாசலில் நடக்க வேண்டும். மேட்டின் வேலியோரம் மட்டும் கருவி வைத்தால் வேலியைப் பற்றித்தான் தெரியும்.

கையடக்க எக்ஸ்ரே கருவியோடு வருபவர்கள் மண்ணில் எந்த உலோகம் எவ்வளவு என்று ஓரிரு நிமிடத்தில் எண் சொல்லிவிடுவார்கள். எங்கே அதிகம் என்று தேட நல்ல கருவி. ஆனால் ஈயம் அதிகமுள்ள மண்ணில் ஆர்சனிக்கை அது சரியாகப் பிரித்துக் காட்டாது. சந்தேகமான மாதிரிகள் ஆய்வகத்துக்குப் போகட்டும்.

மாதிரிகளை எப்போது எடுக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். தூசிக்கு ஜூலை முதல் மழை வரும்வரை. தண்ணீருக்கு முதல் மழை விழுந்தவுடன், ஏனென்றால் வறட்சியில் மேட்டின் மேல் பூத்து நிற்கும் உப்பு அப்போதுதான் கரைந்து, உலோகங்களையும் இழுத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கும். பிப்ரவரியில், நாலு மாத மழை கழுவியபின் எடுத்த ஒரு பாட்டில் தண்ணீரைக் காட்டி யாராவது பயமில்லை என்றால், அக்டோபர் மாதிரி எங்கே என்று கேளுங்கள்.