32 ஜிபி போன், ஆறு மாதம் கழித்து

"32 ஜிபி தாராளம்" என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து செட்டிங்ஸைத் திறந்தால், நான் ஒரு போட்டோகூட எடுக்கும் முன்பே பாதி இடம் போயிருந்தது. ஆண்ட்ராய்டும், அழிக்கவே விடாத ஆப்களும் முன்கூட்டியே குடியேறியிருந்தன.

ரேம் 2 ஜிபி. குறைந்த ரேம் போன்களுக்கென்று கூகுள் 2017-ல் கொண்டுவந்த ஆண்ட்ராய்டு கோ வகைதான் இதில் ஓடுகிறது. பேச, வாட்ஸ்அப் பார்க்க ஒரு குறையும் இல்லை. பேட்டரி ஒன்றரை நாள் நிற்கிறது. ஆனால் பணம் அனுப்பும் ஆப்பை விட்டு, ஓடிபி பார்க்க மெசேஜுக்குப் போய்த் திரும்பினால், ஆப் மறுபடி முதலிலிருந்து திறக்கும். அதற்குள் ஓடிபி காலாவதி. இப்போதெல்லாம் நோட்டிஃபிகேஷன் மேலே எட்டிப்பார்க்கும் அந்த மூன்று வினாடிக்குள் ஆறு எண்ணையும் மனப்பாடம் செய்துவிடுகிறேன். ஞாபகசக்தி கூடியதுதான் மிச்சம்!

பின்னால் மூன்று கேமரா. நடுவில் இருப்பதை விரலால் மூடிப் படம் எடுத்தேன், கீழே இருப்பதை மூடியும் எடுத்தேன். படத்தில் ஒரு மாற்றமும் இல்லை. விலையைக் குறைக்கும்போது கடைக் கண்ணாடி வழியாகத் தெரிகிற எதிலும் கைவைக்க மாட்டார்கள் போல. உள்ளே சேமிப்புச் சிப் மட்டும் மெதுவான இஎம்எம்சி. யுஎஃப்எஸ் என்ற வேகமான சிப் போட்ட போனைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் உறைக்கும். அதற்கு என்னிடம் இரண்டாவது போன் ஏது?

4 ஜிபி ரேம் மாடலைத் தவணையில் தருவதாகச் சொன்னார்கள். பயந்து விட்டுவிட்டேன். கென்யாவில் எம்-கோப்பா என்ற நிறுவனம் தினத்தவணைக்கே போன் தருகிறது. தவணை நின்றால் போன் பூட்டிக்கொள்ளும். வேலைக்குக் கூப்பிடுவதே போனில்தான் என்றால், வேலையில்லாத வாரம் அந்த அழைப்பும் வராது. ஆனாலும் மொத்தமாகப் புரட்ட முடியாதவருக்கு வேறு வழி என்ன இருக்கிறது? எனக்கே இந்த ஆறு மாதத்தில் இரண்டு முறை, எடுத்திருக்கலாமோ என்று தோன்றியது.

டைப்பிங் வேலைக்காகப் பழைய லேப்டாப்பும் விசாரித்தேன். என் காசுக்கு அகப்பட்டவை எல்லாம் விண்டோஸ் 11 ஏற்காத மெஷின்கள். அவற்றில் ஓடும் விண்டோஸ் 10-க்கோ, பாதுகாப்பு அப்டேட் தரும் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போடக் கற்றுக்கொண்டால் வாங்கலாம். அதுவரை ரெஸ்யூமேயையும் கட்டைவிரலால்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஐந்துக்கு இரண்டரை. அந்த அரை, மெமரி கார்டு போட இடம் விட்டதற்கு.