பினாங்கு வயலுக்கு எந்தப் பயிர் மாதிரி பொருந்தும்?

செபராங் பிறையில் நெல்லும் உண்டு, செம்பனையும் உண்டு. இரண்டுக்கும் கணினி மாதிரி அமைத்துத் தருகிறோம் என்று வருபவர்கள் பெரும்பாலும் இயந்திரக் கற்றலைத்தான், அதாவது பழைய பதிவுகளிலிருந்து கணினி தானே பாங்கு கற்றுக்கொள்ளும் முறையைத்தான், கையில் வைத்திருக்கிறார்கள். நிபோங் திபால் பக்கம் சொந்த நிலம் வைத்திருக்கும் நம் இளைஞர்கள், அதை நம்பிப் பணம் போடலாமா என்று கேட்கிறார்கள். என் கருத்து இதுதான்: நீர், உரம் பற்றிய முடிவுகளுக்குப் பயிரின் இயல்பை அறிந்த செயல்முறை மாதிரி முதலில் வர வேண்டும். கற்றல் மாதிரி அதன் மேல் ஏறி உட்காரட்டும்.

செயல்முறை மாதிரி வெயில், வெப்பம், மழை, மண்ணின் நீர், தழைச்சத்து ஆகியவற்றை நாள்தோறும் எடுத்துக்கொண்டு இலை எவ்வளவு விரியும், மணி எவ்வளவு பிடிக்கும் என்று கணக்கிடுகிறது. நெல்லுக்கென்றே உருவானது ஒரைசா. அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையமும் நெதர்லாந்தின் வாகனிங்கன் ஆய்வாளர்களும் சேர்ந்து வளர்த்தது. டிஸ்சாட், ஆப்சிம் இரண்டும் பல பயிர்களுக்கானவை. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2009-இல் வெளியிட்ட அக்வாகிராப் கேட்கும் தகவல்கள் குறைவு. தொடங்குபவருக்கு அதையே சொல்வேன்.

இவற்றின் பெரிய பலம், இதுவரை நடக்காததையும் கேட்டுப் பார்க்கலாம் என்பது. விதைப்பை இரண்டு வாரம் தள்ளினால் என்ன ஆகும்? ஒரு தண்ணீர் குறைத்தால்? வயலில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகி, 2 மில்லிமீட்டர் மண்ணுக்குள் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஹெக்டேரில் 1 மில்லிமீட்டர் என்பது 10 கனமீட்டர். ஆக நாளுக்கு 70 கனமீட்டர் போகிறது. மழை இல்லாத பத்து நாளில் 700. இந்தக் கணக்குக்குப் பழைய விளைச்சல் பதிவு எதுவும் தேவையில்லை.

குறையும் உண்டு. ரகத்துக்கு ரகம் அளவீடு செய்ய வேண்டும், அதாவது மாதிரியின் எண்களை அந்த ரகத்துக்கு ஏற்பச் சரிசெய்ய வேண்டும். 2001-இல் மலேசிய வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான மார்டி வெளியிட்ட எம்ஆர்219 நெல் ரகத்துக்குச் செய்த அளவீடு அடுத்து வந்த ரகங்களுக்கு அப்படியே பொருந்தாது. பாடி அங்கின் என்று இங்கே சொல்லும் களை நெல், எலி, புகையான் பூச்சி ஆகியவை பொதுவாக இதன் கணக்கில் இல்லை. ஆகவே விளைச்சலைக் கூட்டியே சொல்லும்.

கற்றல் மாதிரி பார்த்து அடையாளம் காண்பதில் கெட்டிக்காரன். டிரோன் படத்தில் செம்பனை மரங்களை எண்ணுவது, பட்டுப்போன இடங்களைக் குறிப்பது போன்ற வேலைகளில் செயல்முறை மாதிரி அதன் பக்கத்தில்கூட வர முடியாது.

விளைச்சல் கணிப்புக்கு வரும்போதுதான் எனக்குக் கவலை. சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தின் ஒரு பிக்சல், அதாவது ஒரு படப்புள்ளி, தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். ஒரு ஹெக்டேரில் நூறு பிக்சல். அவற்றைக் குலுக்கிப் போட்டு எண்பதை வைத்துக் கற்பித்து, இருபதை வைத்துச் சோதித்தால் மதிப்பெண் அள்ளிக்கொண்டு வரும். ஏனென்றால் சோதனைக்கு வைத்த பிக்சலுக்குப் பக்கத்து பிக்சலை மாதிரி ஏற்கெனவே பார்த்துவிட்டது. விடைத்தாளைக் காட்டிவிட்டுத் தேர்வு வைப்பது போலத்தான் இது. ஒரு முழு வயலை, ஒரு முழுப் பருவத்தை ஒதுக்கி வைத்துச் சோதித்தீர்களா என்று விற்க வருபவரிடம் கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.

மேகம் இன்னொரு தடை. சென்டினல்-2 ஐந்து நாளுக்கு ஒருமுறை வந்தாலும் மழைக்காலத்தில் வயலைப் பார்க்க முடியாமலே போய்விடும். சென்டினல்-1 ரேடார் மேகத்தை ஊடுருவும். நீர் தேங்கிய வயல் ரேடாரில் கருப்பாகத் தெரியும், நாற்று எழும்ப எழும்ப வெளுக்கும். விதைப்பு எப்போது நடந்தது என்பதை அதிலிருந்து ஊகித்து ஒரைசாவுக்குக் கொடுக்கலாம். இரண்டு வழியும் கைகோக்கும் இடம் இது. செயல்முறை மாதிரி நாள்கணக்கைப் போடட்டும். செயற்கைக்கோள் தரும் இலைப்பரப்பு அதை அவ்வப்போது திருத்தட்டும். செயல்முறை மாதிரி கணக்கில் எடுக்காத பூச்சி, களை பாதிப்பைக் கற்றல் மாதிரி நிரப்பட்டும்.

செம்பனையில் காலம் நீளம். பூங்கொத்து ஆணா பெண்ணா என்பது அறுவடைக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே முடிவாகிவிடுகிறது. அந்த நேரத்தில் வறட்சி தாக்கினால் ஆண் பூ பெருகும். இரண்டு ஆண்டு கழித்துக் குலை குறையும். இந்த மாதத்து மழையையும் இந்த மாதத்து விளைச்சலையும் மட்டும் பொருத்திப் பார்க்கும் கற்றல் மாதிரிக்கு அது தெரியாது. பழைய மழைப்பதிவை அதற்கு ஊட்ட வேண்டும். எத்தனை மாதம் பின்னால் போக வேண்டும் என்பதைப் பயிர் தெரிந்தவர்தான் சொல்ல முடியும்.

ஆற்றுக்கும் இதே கேள்விதான். பினாங்கின் குடிநீருக்கான நீரில் சுமார் 80 விழுக்காடு மூடா ஆற்றிலிருந்து வருகிறது. அதே ஆறு வயலுக்கும் பாய்கிறது. நாளைய நீர்மட்டத்தைச் சொல்வதற்கு, நீண்ட பதிவு இருந்தால் கற்றல் மாதிரி போதும், சிறப்பாகவே செய்யும். அந்த ஆற்றுக்கு நீர் தரும் கெடாவின் உலு மூடா காடு குறைந்தால் ஆறு என்ன ஆகும் என்று கேட்டால், மழைநீர் நிலத்தின் வழியே ஆற்றுக்கு வருவதைக் கணக்கிடும், அமெரிக்க வேளாண் துறை உருவாக்கிய ஸ்வாட் போன்ற செயல்முறை மாதிரி வேண்டும். நீர் தேங்கும் நெல் வயலை ஸ்வாட் இயல்பாகக் கையாளாது என்பதால் அந்தப் பகுதியைத் திருத்திய பிறகே ஓட்ட வேண்டும். காட்டைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டங்களில் அந்தத் திருத்தம் செய்யப்பட்டதா என்று நம்மவர்கள் எழுந்து கேட்க வேண்டும் என்பது என் ஆசை.