படர்தாமரைக்கு ஆன்லைனில் மூலிகைக் களிம்பு வாங்காதீர்கள்: 6,300 ரூபாய் போச்சு, அரிப்பு வீடு முழுக்கப் பரவிடுச்சு

நேற்றுதான் தோல் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். ஆத்திரம் அடங்கவில்லை. என்ன நடந்தது, நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

பனியன் கம்பெனியில் அயர்னிங் வேலை எனக்கு. வேர்வையிலேயே நிற்க வேண்டும். இடுப்பிலும் தொடை இடுக்கிலும் வட்ட வட்டமாக அரிப்பு வந்தது. அந்த நேரத்தில்தான் போனில் ஒரு மூலிகை மருந்து விற்கும் ஆன்லைன் கடையின் விளம்பரம் வந்தது. நம்பரைக் கொடுத்ததும் ஒரு பெண் கூப்பிட்டார்.

அவர் உடனே விற்க ஆரம்பிக்கவில்லை. அதுதான் என்னை நம்ப வைத்தது. "அண்ணா, சுகர் இருக்கா? வீட்ல குழந்தைங்க இருக்காங்களா? கூச்சப்படாம போட்டோ அனுப்புங்கண்ணா, எங்க வைத்தியர் பார்க்கட்டும்" என்றார். மனைவியிடம் காட்டவே கூச்சப்பட்ட இடம். இவ்வளவு பொறுமையாகக் கேட்கிறவர் ஏமாற்றுவார் என்று யாருக்குத் தோன்றும்? "வேரோட போயிடும், போகலன்னா முழுப் பணமும் திருப்பித் தருவோம்" என்றார். களிம்பு, எண்ணெய், ரத்தத்தைச் சுத்தம் செய்யும் பொடி என்று 6,300 ரூபாய் கட்டினேன்.

களிம்பு பூசியதும் அரிப்பு சட்டென்று நின்றது, சிவப்பும் மங்கியது. டப்பா தீர்ந்ததும் முன்னைவிட மோசமாக வயிறு, முதுகு வரை ஏறியது. மனைவிக்கு வந்தது. என் சின்ன மகளுக்குக் கழுத்தில் வந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

கூப்பிட்டால், "உடம்புச் சூடு வெளிய வருதுண்ணா, நல்ல அறிகுறிதான்" என்றார்கள். அப்புறம், "கத்தரிக்காய், கருவாடு சாப்பிட்டிருப்பீங்க." அப்புறம், "அடுத்த பேக்கேஜ் வாங்கினாத்தான் முழுசாப் போகும்." பணத்தைக் கேட்டதும், திறந்த டப்பாவைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்றார்கள். இப்போது என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார்கள். 6,300 ரூபாய். எனக்கு அரை மாதக் கூலி.

டாக்டர் தோலைச் சுரண்டி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். பூஞ்சைதான். உடம்புச் சூடும் இல்லை, கெட்ட ரத்தமும் இல்லை. டிரைக்கோபைட்டான் என்ற வகை. தோல், முடி, நகத்தில் இருக்கிற கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று வாழ்கிறது. களிம்பில் ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்று அவர் பலமாகச் சந்தேகப்படுகிறார். வட்டத்தின் விளிம்பு அழிந்து கிடக்கிறது, தொடையில் தோல் மெலிந்து கோடு கோடாகப் பிளந்திருக்கிறது. ஸ்டீராய்டு அரிப்பை அமுக்கும், பூஞ்சையைக் கொல்லாது. தோலின் எதிர்ப்பு அடங்கியதும் அது தாராளமாகப் படரும். அந்தக் கோடுகள் இனி முழுசாக மறையாதாம்.

இந்த டிரைக்கோபைட்டானில் நம் நாட்டில் இப்போது பரவலாக இருப்பது இண்டோடினியே என்ற இனம். 2020-இல்தான் அதற்குப் பெயர் வைத்தார்கள். முன்பு நன்றாகக் கேட்ட டெர்பினாஃபின் என்ற பூஞ்சை மருந்துக்கே அது பல பேரிடம் அடங்குவதில்லை. ஆரம்பத்திலேயே சரியாக வைத்தியம் பார்த்திருந்தால் சீக்கிரம் தீர்ந்திருக்கும். இப்போது மூன்று பேருக்கும் வாரக்கணக்கில் மருந்து.

ஸ்டீராய்டு களிம்பை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இலேயே விதி வந்துவிட்டது. மூலிகை என்று எழுதி டப்பாவில் அடைத்தால் யார் கேட்பது?

விரிவாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. உரிம எண்ணும் தயாரித்தவர் முகவரியும் இல்லாத டப்பாவைத் தொடாதீர்கள். போட்டவுடன் அரிப்பு நின்றால் சந்தோஷப்படாதீர்கள், டாக்டரிடம் போங்கள். துண்டு, துணி தனித்தனியாக வையுங்கள். அரிப்பு குறைந்ததும் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். பணம் போயிருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் புகார் கொடுங்கள், நானும் கொடுத்திருக்கிறேன். அந்த விளம்பரம் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது.