28 நாள் வைத்தியம்: வன்னியின் மாவட்ட வைத்தியசாலை ஒன்றில் பெற்ற சிகிச்சை

கடந்த காலபோகத்தில், வயலுக்கு இரண்டாம் முறை யூரியா எறிந்து முடித்த மறுநாள், சலம் கழிக்கும்போது எரிவு தொடங்கியது. வெயிற்சூடு என்று நினைத்து இளநீர் குடித்தேன். எரிவு தணியாததால் ஊர்ச் சந்தியிலுள்ள பாமசி ஒன்றில் கேட்டபோது, வைத்தியரின் துண்டு எதுவும் இல்லாமலே 5 நாளுக்கு அமொக்சிசிலின் கட்டித் தந்தார்கள். அதையும் போட்டு முடித்த இரவு, போர்வைக்குள் பல் கிட்டும் அளவுக்கு நடுக்கத்தோடு காய்ச்சல் ஏறியது. அடிவயிற்றிலும், இருக்கும்போது நிலத்தில் படுகிற இடத்திலும் குத்து வலி. சலம் நூலாக இழுத்து நின்றது. டிசம்பர் 13ஆம் திகதி காலை, மாவட்ட வைத்தியசாலையின் ஆண்கள் விடுதியில் அனுமதிக்கப்பட்டேன். முன்னிற்குஞ்சுரப்பியில் (புரொஸ்டேட்) கிருமி தொற்றியதற்கு அங்கே எனக்குக் கிடைத்த சிகிச்சையைப் பற்றியதே இக்குறிப்பு. ஆண்கள் வெளியில் பேசக் கூசும் வருத்தம் என்பதால், தெரிந்துகொள்ள விரும்புவோருக்கு உதவும் என்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பாராட்டுக்குரியது. வயல் வேலை செய்பவன் மாரிகாலத்தில் நடுக்கக் காய்ச்சலோடு வந்தால் வன்னியில் எவரும் முதலில் எலிக்காய்ச்சலையும் டெங்குவையுமே நினைப்பார்கள். இளம் வைத்தியரும் அவற்றுக்கு இரத்தம் எடுத்தார். எலிக்காய்ச்சலைத் தடுக்கக் கொடுக்கப்படும் டொக்சிசைக்கிளின் போட்டேனா என்றும் விசாரித்தார். ஆனால் அத்தோடு நின்றுவிடாமல், சலம் எப்படிப் போகிறது என்று கேட்டு, திரைச்சீலையை இழுத்துவிட்டுக் கையுறை போட்டு மலவாசல் வழியாக ஒரே ஒருமுறை, மிக மெதுவாகத் தொட்டுப் பார்த்தார். புரொஸ்டேட் என்று வைத்தியர்கள் சொல்லும் முன்னிற்குஞ்சுரப்பி, சலப்பைக்குக் கீழே சலவழியைச் சுற்றி, கொட்டைப்பாக்கைவிடச் சற்றுப் பெரிதாக இருப்பது. எனக்கு அது வீங்கிச் சூடாக இருப்பதாகவும், அழுத்திப் பிசைந்தால் கிருமி இரத்தத்துக்குள் போய்விடக்கூடும் என்பதால் மேலும் தொடப்போவதில்லை என்றும் விளக்கினார். கூச்சத்தில் கண்ணை மூடிக் கிடந்த எனக்கு அந்த விளக்கமே பாதி ஆறுதலாக இருந்தது.

ஊசி போடுவதற்கு முன்னரே சலமும் இரத்தமும் கிருமி வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு எடுக்கப்பட்டன. ஏற்கனவே ஏதாவது மருந்து போட்டீர்களா என்ற கேள்விக்கு நான் சந்திப் பாமசியைச் சொன்னபோது வைத்தியரின் முகம் சுருங்கியது. அரைகுறையாகப் போட்ட மருந்து கிருமியைக் கொல்லாமலே பரிசோதனை முடிவை மட்டும் குழப்பிவிடும் என்றார். முடிவு வர 2, 3 நாள் ஆகும். அதுவரை காத்திருக்க முடியாது என்பதால் நாளம் வழியாக செஃப்ட்ரியக்சோன் என்ற கிருமிக்கொல்லி ஊசியைத் தொடங்கினார்கள். ஜென்டாமைசினும் சேர்ப்பதா என்ற பேச்சு எழுந்தபோது பெரிய வைத்தியர் முதலில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியற்றினின் அளவை இரத்தத்தில் பார்க்கச் சொன்னார். சிறுநீரக வருத்தம் பல குடும்பங்களைத் தின்றிருக்கிற இந்தப் பிரதேசத்தில், சிறுநீரகத்தைத் தாக்கக்கூடிய மருந்தைக் கைக்கு வந்தபடி ஏற்றாமல் விட்டதை நான் பெரிதாக மதிக்கிறேன். எனது அளவு சற்றுக் கூடுதலாக இருந்ததால் அந்த ஊசி தவிர்க்கப்பட்டது. ஸ்கான் செய்து, சலம் சலப்பையில் தேங்கவில்லை, சுரப்பியில் சீழ்க்கட்டியும் இல்லை என்று கண்டதால் சலக்குழாய் போடும் வேதனையிலிருந்தும் தப்பினேன்.

3ஆம் நாள் காய்ச்சல் விட்டது. அன்றே முடிவும் வந்தது: ஈ கோலை என்ற குடற்கிருமி, அமொக்சிசிலினுக்கு மசியாதது, சிப்ரொஃப்ளொக்சசினுக்கு அடங்குவது. 4 நாள் ஊசியோடு நிறுத்தி, சிப்ரொஃப்ளொக்சசின் 500 மில்லிகிராம் குளிசை காலையும் இரவும் என்று எழுதினார்கள். வீக்கம் இருக்கும் மட்டும் சுரப்பிக்குள் மருந்து ஓரளவு இலகுவாகப் போகுமாம். வீக்கம் வடிந்த பிறகு பல மருந்துகளால் உள்ளே புக முடியாது, இந்தக் குளிசையால் முடியும். உள்ளே கிருமி மிஞ்சினால் மாதக்கணக்கில் இழுக்கும் நாட்பட்ட வருத்தமாக மாறக்கூடும் என்பதால், ஊசியோடு சேர்த்து மொத்தம் 28 நாள் வைத்தியம் என்றார்கள்.

குளிசையைப் பற்றி விடுதி மிஸ்ஸி (தாதி) சொன்னது வேறு எவர் சொன்னதையும்விடப் பயன்பட்டது. "ஐயா, இதைப் பால்தேத்தண்ணியோட போடாதேங்கோ, வயிற்றெரிவுக் குளிசையோடயும் போடாதேங்கோ, மருந்து உடம்பில சேராது. குதிக்கால் நரம்பு நொந்தா உடன நிப்பாட்டிப்போட்டு வாங்கோ." சலரோகத்துக்கு நான் கிளிக்கிளசைட் போடுவதைக் கொப்பியில் பார்த்துவிட்டு, இரண்டும் சேர்ந்தால் சீனி திடீரென இறங்கக்கூடும் என்று எச்சரித்து, வியர்த்து நடுங்கினால் உடனே சீனித் தண்ணீர் குடிக்கச் சொன்னார். குளிசை தொடங்கிய 6ஆம் நாள் விடியற்காலையில் வரம்பில் நிற்கும்போது உண்மையாகவே அப்படி வந்தது. மடியில் வைத்திருந்த பனங்கட்டித் துண்டுதான் கைகொடுத்தது.

இனிக் குறைகள். வெளிநோயாளர் பிரிவில் துண்டு போடும் யன்னலில், பின்னால் ஊர்ப் பெண்கள் வரிசையில் நிற்க, "என்ன வருத்தம்?" என்று உரத்துக் கேட்கிறார்கள். நான் "காய்ச்சல்" என்று மட்டும் சொல்லித் தப்பினேன். அதனால் ஒரு மணித்தியாலம் காய்ச்சல்காரர் வரிசையில் வீணே இருக்க நேர்ந்தது. வீட்டுக்கு விடும்போது 14 நாளுக்கு 28 குளிசை எழுதப்பட்டிருந்தும் மருந்தகத்தில் 10 மட்டுமே கிடைத்தது. மீதியை வெளியில் வாங்கும்படி சீட்டெழுதித் தந்தார்கள். என்னால் வாங்க முடிந்தது. பக்கத்துக் கட்டிலில் இதே வருத்தத்தோடு கிடந்த கூலித்தொழிலாளி, காய்ச்சல்தான் விட்டுவிட்டதே, 10 போதாதா என்று என்னிடம் கேட்டார். போதாது என்று சொன்னேன், வாங்கினாரோ தெரியாது. கையிருப்பில் மருந்து குறைவாக இருப்பது மருந்தாளரின் பிழையல்ல. ஆனால் 10 தருகிறபோது 10 போதாது என்று ஒரு வசனமாவது சொல்லலாம்.

30ஆம் திகதி கிளினிக்கில் மேலும் 10 நாளுக்கு எழுதினார்கள். இம்முறை 20 குளிசையும் அங்கேயே கிடைத்தது. புற்றுநோய் இருக்குமோ என்ற பயத்தில் தனியார் ஆய்வுகூடத்தில் பி.எஸ்.ஏ. என்ற, புரொஸ்டேட் புற்றுநோய்க்காகப் பார்க்கும் இரத்தப் பரிசோதனையைச் செய்யலாமா என்று கேட்டேன். கிருமித் தொற்றே அந்த அளவை உயர்த்திவிடும், இப்போது பார்த்தால் வீண் பயம்தான் மிஞ்சும் என்று கூறி, மருந்து முடிந்து 6 கிழமை கழிய விட்டு மார்ச்சில் வரச் சொன்னார்கள்.

மருந்தகத்தில் தந்த சிறிய கடதாசி உறையில் மருந்தின் பெயரும் காலை 1, இரவு 1 என்பதும் மட்டுமே இருந்தன. எந்த நாள் வரை என்பதற்கு இடமே இல்லை. வீட்டுக்கு வந்ததும் அதன் பின்புறத்தில் ஜனவரி 9 என்று நானே எழுதி, சீனிப் போத்தலில் ஒட்டி வைத்தேன்.