பழைய ஸ்டீல் கிட்டாருக்குக் கீ மாற்றுவது: பழுது பார்ப்பதா, அதே அளவில் புதிதா, சீல்டு செட்டா?

கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் கீ தேய்ந்துபோன பழைய ஸ்டீல் கிட்டார் கையில் இருந்தால் மூன்று வழி உண்டு. இருக்கிற கீயையே கழற்றிச் சுத்தம் செய்து, கையால் திருப்பும் பட்டன் பொடிந்திருந்தால் அதை மட்டும் மாற்றி ஓட்டலாம். பழைய துளையிலும் பழைய ஸ்க்ரூ தடத்திலும் அப்படியே உட்காரும் பழைய பாணிப் புது செட் வாங்கலாம். இல்லை, துளையைப் பெரிதாக்கி நவீன சீல்டு கீ போடலாம். நான் இரண்டாவதைச் செய்தேன். இன்னொரு கிட்டாருக்குச் செய்ய வேண்டி வந்தாலும் அதைத்தான் செய்வேன். ஏன் என்பதைத்தான் எழுதப்போகிறேன். மற்ற இரண்டுக்கும் சேர வேண்டிய நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன்.

என்னுடையது 1950-களின் கிப்சன். ஆறு கம்பி, மடியில் வைத்து வாசிப்பது. மாமா வாசித்தது, அவருக்குப் பிறகு என்னிடம் வந்தது. களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் தமிழ் ஆராதனை, அந்தப் பக்கம் பாறசாலை போனால் மலையாள ஆராதனை, இரண்டுக்கும் இதையே தூக்கிக்கொண்டு போகிறேன். சி6 சுருதி: கீழிருந்து சி, இ, ஜி, ஏ, சி, இ. ஸ்டீல் கிட்டாரில் இடது கையில் இருப்பது ஒரு இரும்பு பார் மட்டும்தான். ஒரு கம்பி கொஞ்சம் இறங்கினாலும் விரலால் சரிக்கட்ட வழியில்லை. பார் எங்கே போனாலும் அந்தப் பிசகு கூடவே வரும். அதனால் சாதாரண கிட்டாரில் பொறுத்துக்கொள்ளக்கூடிய கீ, இதில் தாங்காது.

செலவு செய்வதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். "கீ வழுக்குது" என்று எல்லாரும் சொல்கிறார்கள். பெரும்பாலும் அது நடப்பதில்லை. உள்ளே இருப்பது ஒரு வார்மும் (பட்டனோடு சுற்றும் மரை போட்ட காம்பு) ஒரு பித்தளைப் பல்சக்கரமும். வார்ம் சக்கரத்தைத் திருப்பும். சக்கரத்தால் வார்மைத் திருப்ப முடியாது. கம்பி எவ்வளவு இழுத்தாலும் பட்டன் தானாகப் பின்னால் சுற்றாது. சுருதி இறங்குகிறது என்றால், கம்பியைச் சுற்றும் தண்டில் அது சரியாகச் சுற்றாமல் நழுவுகிறதா, தலைப்பக்கம் கம்பியைத் தாங்கும் நட்டின் பள்ளத்தில் கம்பி சிக்குகிறதா, சக்கரத்தைப் பிடித்திருக்கும் சின்ன ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறதா என்றுதான் முதலில் தேட வேண்டும். இவற்றைச் சரிசெய்தாலே பாதிப் பேருக்குப் புதுக் கீ தேவைப்படாது.

உண்மையாகத் தேய்ந்த கீயின் அடையாளம் வேறு. பட்டனைத் திருப்பினால் கால் சுற்று வரை ஒன்றுமே நடக்காது, பிறகு திடீரென்று சுருதி தாவும். தண்டை விரலால் பிடித்து ஆட்டினால் பக்கவாட்டில் அசையும். என் கீயில் இரண்டுமே இருந்தன. 15:1 விகிதம் உள்ள கீயில் பட்டன் ஒரு முழுச் சுற்று சுற்றினால் தண்டு 24 டிகிரிதான் திரும்பும். கால் அங்குலத் தண்டில் அது சுமார் 1.3 மில்லிமீட்டர் கம்பி. அந்தச் சின்ன அளவில்தான் நம் சுருதி முழுக்க இருக்கிறது. அதில் கால் சுற்று ஆட்டம் போனால் மெல்லிய கம்பியை நிறுத்துவது பெரும்பாடு. சுருதியைத் தாண்டிப் போய்விட்டால் நன்றாக இறக்கிவிட்டு, திரும்பக் கீழிருந்து மேலே ஏற்றி நிறுத்தினால் ஆட்டத்தின் பாதிப்பு குறையும். ஆனால் இரண்டு பாட்டுக்கு நடுவில், பாஸ்டர் ஜெபம் முடிக்கும் நேரத்துக்குள் அதையெல்லாம் செய்ய முடியாது.

சரி, பழுது பார்ப்பது. அந்தக் கால க்ளூசன் கம்பெனிக் கீகளில் முதலில் போவது பிளாஸ்டிக் பட்டன்தான். சுருங்கி, நிறம் மாறி, தொட்டால் பொடியும். இதற்குப் புது செட் வாங்க வேண்டியதில்லை. பழைய பட்டனைக் குறடால் நொறுக்கி எடுத்துவிட்டு, பட்டன் இருந்த காம்பின் நுனியைச் சால்டரிங் அயர்னால் சூடாக்கி, துளையிட்ட புதுப் பட்டனை அழுத்தினால் தானாகப் பிடித்துக்கொள்ளும். நேராக இறங்குகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும், ஆறினபின் திருப்ப முடியாது. பல் நன்றாக இருந்து பட்டன் மட்டும் போயிருந்தால் இந்த வழிதான் சிறந்தது, யோசிக்கவே வேண்டாம்.

பல் தேய்ந்திருந்தால்தான் சிக்கல். மார்த்தாண்டத்தில் லேத் பட்டறைக்குக் குறைவில்லை. தண்டைச் சுற்றித் துளையில் உட்காரும் புஷ் கடைந்து கொடுப்பார்கள், தண்டு கடைந்து கொடுப்பார்கள். ஆனால் வார்முக்குப் பொருந்தும் பல்சக்கரம் வேறு வேலை. பல்லைச் சாய்வாக, வார்மின் மரைக்குச் சரியாக வெட்ட வேண்டும். சாதாரண லேத்தில் அது வராது. நான் காட்டிய பட்டறை அண்ணன் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இத நான் செஞ்சா ஆட்டம் இன்னும் கூடும்" என்று நேராகவே சொல்லிவிட்டார். வேறு ஊரில் யாராவது சுத்தமாகச் செய்துதரலாம்; எனக்கு அந்த அனுபவம் இல்லை.

அடுத்து சீல்டு கீ. குரோவர் ரோட்டோமேட்டிக், ஷாலர், கோட்டோ என்று நல்லவை பல உண்டு. வார்மும் சக்கரமும் மூடிய பெட்டிக்குள் கிரீஸில் கிடக்கும், தூசி போகாது. விகிதமும் அதிகம்: குரோவரில் 14:1-ம் இருக்கிறது, 18:1-ம் இருக்கிறது, 18:1 என்றால் ஒரு சுற்றுக்குத் தண்டு 20 டிகிரிதான் நகரும். நுணுக்கமாகச் சுருதி சேர்க்க அது நிஜமாகவே சுகம். எங்கள் ஊர்க் காற்றுக்கும் இது ஏற்றதுதான். குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கமிருந்து உப்புக்காற்று வரும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் இங்கே பெய்யும். திறந்த கீயில் நிக்கல் பூச்சு புள்ளி புள்ளியாகத் துருவேறும், பித்தளையில் பச்சை படியும். இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் சீல்டு கீயைத்தான் வாங்க வேண்டும் என்று தோன்றும். புது கிட்டாராக இருந்தால் நானும் அதைத்தான் வாங்கியிருப்பேன்.

என்னைத் தடுத்தது துளை.

க்ளூசன் வகைக் கீயின் புஷ் உட்காரும் துளை 11/32 அங்குலம், அதாவது சுமார் 8.7 மில்லிமீட்டர். ரோட்டோமேட்டிக் வகைக்கு 10 மில்லிமீட்டர் வேண்டும். 1.3 மில்லிமீட்டர்தானே என்று நினைக்கலாம். அந்த 1.3 மில்லிமீட்டரை ஆறு துளையில் எடுக்க வேண்டும், எழுபது வருஷம் காய்ந்த மரத்தில், மேலே உடையத் தயாராக இருக்கும் பழைய லாக்கர் பூச்சுக்கு நடுவில். முறையாகச் செய்தால் கையால் திருப்பும் ரீமரால் இரண்டு பக்கமிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவ வேண்டும். நம் ஊரில் யாரிடம் கொடுத்தாலும் 10 எம்எம் டிரில் பிட்டைப் போட்டுத்தான் இறக்குவார்கள். ஏற்கெனவே இருக்கும் துளையில் டிரில் பிட் மரத்தைக் கவ்வி இழுக்கும். விளிம்பில் பூச்சோடு சேர்த்துச் சில்லு தெறிக்கும். மையம் கொஞ்சம் விலகினாலும் தண்டு சாயும்.

அதோடு முடியவில்லை. பழைய கீயில் மூன்று தண்டு ஒரே தகட்டில் வரிசையாக இருக்கும். தகட்டை எடுத்துவிட்டுத் தனித்தனிக் கீ போட்டால் தகட்டின் அச்சும் அதன் ஸ்க்ரூ துளைகளும் வெளியே தெரியும். புதுக் கீ ஒவ்வொன்றுக்கும் வேறு இடத்தில் வேறு ஸ்க்ரூ துளை போட வேண்டும். பின்னால் மனம் மாறினால்? 10 மில்லிமீட்டர் துளையில் கால் அங்குலத் தண்டு உட்கார அடாப்டர் புஷ் கிடைக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். கீ வேலை செய்யும். ஆனால் சீவின மரம் திரும்ப வராது. துளையைத் தொடாதவரை மூன்று வழியும் நாளைக்கும் திறந்தே இருக்கின்றன. தொட்டுவிட்டால் நமக்குப் பின் வாசிப்பவருக்கும் சேர்த்து முடிவெடுத்துவிடுகிறோம்.

விற்கும்போதும் இதே கதைதான். எங்கள் பக்கத்தில் இந்தக் கிட்டாரைக் கேட்டு வருபவர் அரிது. வாங்குகிறவர் வெளியூர்க்காரராகத்தான் இருப்பார், முதலில் தலைப்பகுதியின் பின்பக்கப் படத்தைத்தான் கேட்பார். கீ மாற்றியிருந்தாலும் ஒரிஜினல் கீ கூடவே இருந்து, துளை பழையபடி இருந்தால் விலை பெரிதாக அடிபடாது. துளை பெரிதானால் அடிபடும். எவ்வளவு என்று என்னால் சொல்ல முடியாது. நான் விற்றதில்லை, விற்கும் எண்ணமும் இல்லை.

ஆக நான் வாங்கியது, மூன்று கீ ஒரே தகட்டில் வரும் பழைய பாணிப் புது செட். 1925-ல் சிகாகோவில் தொடங்கிய க்ளூசன் கம்பெனி 1980-களின் தொடக்கத்தில் மூடிவிட்டது. 1990-களில் அந்தப் பெயர் வேறு கையில் திரும்ப வந்து, பழைய அளவிலேயே கீ கிடைக்கிறது. வேறு கம்பெனிகளும் செய்கின்றன. திருவனந்தபுரத்தில் கடையில் கேட்டால் கிளாசிக்கல் கிட்டாருக்கான தகட்டை எடுத்து நீட்டுவார்கள். "இதும் மூணு மூணு தானே அண்ணா" என்பார்கள். அது ஆகாது. அதில் கம்பி சுற்றும் உருளை 10 மில்லிமீட்டர் கனத்தில் நைலான் கம்பிக்காகச் செய்தது, தலையில் நீளப் பள்ளம் இருந்தால்தான் பொருந்தும்.

வெளியிலிருந்து வரவழைக்கும்போது ஒரே ஒரு அளவை மட்டும் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள்: ஒரு தண்டின் மையத்திலிருந்து அடுத்த தண்டின் மையம் வரை உள்ள தூரம். 35 மில்லிமீட்டரிலும் செட் வருகிறது, 35.7-லும் வருகிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். நடுத் தண்டைத் துளையில் இறக்கினால் ஓரத்து இரண்டும் 0.7 மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். அழுத்தி இறக்கிவிடலாம், இறங்கவும் செய்யும். ஆனால் தண்டு புஷ்ஷின் ஒரு பக்கத்தில் உரசி, பட்டன் இறுகி, புதுக் கீயே பழசு மாதிரி தாவும். ஸ்கேலால் அளக்காதீர்கள். வெர்னியர் காலிப்பர் வைத்து முதல் தண்டிலிருந்து மூன்றாவது வரை அளந்து இரண்டால் வகுத்தால் பிழை குறையும்.

பராமரிப்பில் திறந்த கீ கொஞ்சம் வேலை கேட்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வேலை நம் கையால் முடிகிற வேலை. கம்பி மாற்றும்போது பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் பல்லைத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம்: பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும், ஏசி ஓடும் ஹாலில் உறைந்தும் போகும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்துப் பெட்டியில் வைத்தால் உப்புக்காற்றின் வேலை பாதி குறையும். சீல்டு கீக்கு இது எதுவும் வேண்டாம்தான். ஆனால் அதற்குள் ஏதாவது கெட்டால் பெரும்பாலும் பிரித்துச் சரிசெய்ய வழியில்லை, முழுதாக மாற்ற வேண்டும். என்னுடையதில் பல் கண் முன்னால் இருக்கிறது. தேய்கிறதா என்று நானே பார்த்துக்கொள்வேன்.

பெடல் மிதித்துச் சுருதி மாற்றும் பெடல் ஸ்டீல் வைத்திருப்பவர்களுக்கு நான் அதிகம் சொல்ல முடியாது. இரட்டைக் கழுத்து என்றால் 20 கீ, செலவே வேறு. அதில் பெடல் மிதிக்கும்போது வரும் சுருதியைச் சேர்ப்பது தலையில் இருக்கும் கீ அல்ல. எதிர் முனையில் இழுகம்பிகளின் நுனியில் இருக்கும் சின்ன நைலான் நட்டுகள். மரை தேய்ந்து பிடிப்பு விட்டால் அவற்றை மாற்றிவிடலாம், மரத்தைத் தொட வேண்டியதே இல்லை. அங்கே கீயை மாற்றுவதற்கு முன் அவற்றைத்தான் பார்ப்பேன்.

கடைசியாக, மாட்டும்போது. பழைய ஸ்க்ரூ துளைகள் தளர்ந்திருக்கும், ஸ்க்ரூ சும்மா சுற்றும். அதற்காகப் பெரிய ஸ்க்ரூ போடாதீர்கள். மூங்கில் குச்சியை மெல்லியதாகச் சீவி, மரப்பசை தடவி, துளைக்குள் இறக்கி, ஒரு ராத்திரி காயவிட்டு, மட்டமாக வெட்டிவிட்டால் அதே சின்ன ஸ்க்ரூ இறுகப் பிடிக்கும். பழைய கீ செட்டை ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, ஸ்க்ரூக்களோடு சேர்த்துப் பொதிந்து, கிட்டார் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள்.