சால்வையா, டயப்பரா, ஒரு சனிக்கிழமையா?

நாங்கள் பழைய கல்லூரி நண்பர்கள் பத்து பேர் வருஷா வருஷம் 60,000 ரூபாய் சேர்த்து முதியோர் இல்லத்துக்குச் சாப்பாடு போடுவது வழக்கம். இந்த முறை ஒருத்தன் வேறு மாதிரி கேட்டான். இல்லத்துக்குக் கொடுக்க ஊரில் நிறைய பேர் இருக்கிறார்கள், வீட்டிலேயே அப்பாவையோ புருஷனையோ படுக்கையில் வைத்துச் சம்பளமில்லாமல் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு யார் என்ன செய்கிறார்கள் என்று. சரி, செய்வோம் என்று எல்லோரும் தலையாட்டினோம். எப்படிச் செய்வது என்பதில்தான் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள்.

அந்தப் பேச்சில் எனக்கு முன்னால் நின்றது கும்பகோணம் பக்கம் இருக்கும் எங்கள் அத்தைதான். மாமாவுக்குப் பக்கவாதம் வந்து ஆறு வருஷம். 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டில் இருப்பவர்களைச் சம்பளமில்லாமல் கவனித்துக்கொள்ளும் பெண் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 134 நிமிடம் செலவிடுகிறாள், ஆண் 76 நிமிடம் என்று வந்தது. குழந்தை பார்ப்பதும் இதில் சேர்த்தி. அத்தையிடம் 134 நிமிடம் என்று சொன்னால் சிரிப்பார், மாமாவுக்குக் காலை ஆகாரம் ஊட்டி முடிக்கவே முக்கால் மணி நேரம் ஆகும்.

முதலில் வந்த யோசனை பாராட்டு விழா. எனக்கு இதில் துளியும் விருப்பமில்லை, காரணம் அத்தையை ஒருமுறை இப்படி ஒரு விழாவுக்குக் கூப்பிட்டார்கள், எந்தச் சங்கம் என்பது வேண்டாம். அழைப்பிதழில் பத்தரை மணி, சிறப்பு விருந்தினர் வந்து சேர்ந்தது பன்னிரண்டேகால். படுக்கைப்புண் வராமல் இருக்க மாமாவை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவிடம் “ஒரு மணி நேரம்தான், வந்துடறேன்” என்று கெஞ்சி உட்கார வைத்துவிட்டு வந்தவர், மேடையில் தியாகச் சுடர், பெண் தெய்வம் என்றெல்லாம் பேசிக்கொண்டிருக்கையில் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு சால்வை, ஒரு ஷீல்டு. சால்வை பளபளா பாலியஸ்டர். “காட்டனா இருந்திருந்தா துடைக்கிற துணியாவது ஆகியிருக்கும், இது ஈரத்தையே உறிஞ்சலடா” என்றார். அந்த வீட்டில் பழைய வேட்டிக்கு இருக்கிற மதிப்பு பட்டுக்குக் கிடையாது.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. அந்த விழாவில் அத்தை தன்னைப் போலவே இருக்கும் மூன்று பெண்களைப் பார்த்தார், போன் நம்பர் வாங்கிக்கொண்டார், இன்றைக்கும் ராத்திரி பத்து மணிக்கு மேல் பேசிக்கொள்கிறார்கள். ஆக, விழா நடத்தியே தீருவேன் என்பவர்கள் மேடையைத் தூக்கிவிட்டு, அந்த மூன்று மணி நேரம் ஒவ்வொரு வீட்டிலும் உட்கார ஓர் ஆளையும் கூட்டிவர ஓர் ஆட்டோவையும் ஏற்பாடு செய்யட்டும். எங்கள் 60,000 மண்டபம், மைக், சாப்பாடு என்று ஒரே நாளில் கரைந்துவிடும் என்பது தனிக் கதை.

அடுத்தது பொருளாகக் கொடுப்பது. கொடுக்கிறவர்களுக்குப் பிடித்த வழி, போட்டோவில் தெரியும். ஒரு வீல்சேர் மாமாவுக்கும் வந்தது. பழைய வீடு, நிலைப்படி உயரம், பாத்ரூம் கதவு குறுகல், கொல்லைப்புறம் போக இரண்டு படி. இப்போது அதில் துண்டு காய்கிறது. ஏர் பெட் உண்மையாகவே உதவியது, என்ன, கரண்ட் போனால் மெல்ல இறங்கிவிடும், அதற்கு முன் இருந்த வாட்டர் பெட் மார்கழியில் சில்லென்று இருக்கிறது என்று மாமா ஒரே சத்தம். டயப்பர்தான் தினசரி செலவு. ஒன்று 35 ரூபாய், நாளைக்கு மூன்று என்று வைத்தால் வருஷத்துக்கு 38,000 சொச்சம். நம் பணத்தில் ஒன்றரை வீட்டுக்குத்தான் வரும். இருந்தாலும் அளவு கேட்டு, மாதாமாதம் தவறாமல் வாங்கிக் கொடுத்தால் வீல்சேரைவிட இது எவ்வளவோ மேல், ராத்திரி படுக்கை விரிப்பு மாற்றும் வேலை பாதியாகக் குறையும். கொடுப்பதற்கு முன் வீட்டுக்குப் போய் வாசற்படியைப் பார்க்காதவர்கள் தயவுசெய்து வீல்சேர் பக்கமே போக வேண்டாம்.

மூன்றாவது பணம். ஐந்து வீட்டுக்கு மாதம் ஆயிரம் என்றால் கணக்கு சரியாக வருகிறது. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, யார் கையில் கொடுக்கிறோம் என்பது. நோயாளி பெயரில் போகும் பணம் மருந்துக் கடைக்கும் கடன்காரருக்கும் போய்விடும், பார்த்துக்கொள்கிறவரின் உடைந்த மூக்குக் கண்ணாடி உடைந்தபடியே இருக்கும். கேரளத்தில் ஆஸ்வாசகிரணம் என்று ஒரு திட்டம், படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்கிறவருக்கென்றே மாதம் 600 ரூபாய். தொகை சின்னதுதான், அதுவும் ஒழுங்காக வருவதில்லை என்ற புகார் அங்கே ஓயவில்லை, ஆனாலும் யாருக்கு என்பதில் தெளிவு இருக்கிறது. நம் ஊரில் 2023 செப்டம்பரில் தொடங்கிய மாதம் ஆயிரம் ரூபாய்த் திட்டத்துக்கு உதவித்தொகை என்று பெயர் வைக்காமல் உரிமைத்தொகை என்று வைத்தார்களே, கொடுக்கும் நாமும் அதே தொனியில் கொடுக்கலாம். செலவுக்குக் கணக்குக் கேட்கக் கூடாது. அத்தை அதில் மல்லிப்பூ வாங்கினால் வாங்கட்டும்.

வரிச்சலுகை வேண்டும் என்று ஒரு நண்பன் கொடி பிடித்தான். தனி வீட்டுக்குக் கொடுத்தால் அது கிடைக்காது, பதிவு பெற்ற அமைப்புக்குக் கொடுத்தால்தான் உண்டு, அதிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் இல்லை. அவனோ புதிய வரி முறைக்குப் போனவன், அவனுக்கு எப்படியும் இந்தக் கழிவு கிடையாது. பேச்சு அத்தோடு முடிந்தது.

அமைப்பு வழியாகக் கொடுப்பதைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம்தான். கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சைச் சங்கம் பிறகு ஊர் ஊராகத் தொண்டர்களைப் பழக்கி, பணத்தையும் பெரும்பாலும் அந்தந்த ஊரிலேயே சிறுகச் சிறுகத் திரட்டி, வீட்டுக்கே போய்ப் பார்க்கும் முறையை வளர்த்தது. இங்கே 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்திலும் வீட்டுக்கு வந்து புண்ணைப் பார்ப்பது, பிசியோதெரபி கொடுப்பது எல்லாம் உண்டு. நர்ஸ் ஒருவர் பக்கத்தில் நின்று, ஆளைத் தூக்காமல் விரிப்போடு சேர்த்து இழுத்துப் புரட்டுவது எப்படி என்று காட்டிக்கொடுத்த பிறகுதான் அத்தையின் இடுப்பு வலி குறைந்தது, அதற்கு விலையே கிடையாது. ஆனால் அவர்கள் அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுவார்கள். மீதி இருபத்துமூன்றரை மணி நேரம் அத்தையுடையது.

அந்த மணி நேரத்தில் கொஞ்சத்தை வாங்கித் தருவதுதான் நான் சொன்ன யோசனை. வாரம் ஒரு சனிக்கிழமை, காலையிலிருந்து மதியம் வரை, பழகிய ஓர் ஆள். எங்கள் பக்கம் அரை நாளுக்கு 500 ரூபாய் கொடுத்தால் வருவார்கள். 52 வாரத்துக்கு 26,000, இரண்டு வீட்டுக்கு 52,000, மிச்சம் 8,000 தீபாவளிக்கும் ஆள் வராத நாளுக்கும். ஐந்து வீட்டுக்குப் போகவேண்டிய பணம் இரண்டு வீட்டோடு நிற்கிறதே என்று கேட்டார்கள். ஆமாம், நிற்கும். இதில் தொல்லையும் அதிகம். முன்பின் தெரியாத ஆளை வீட்டில் விட பயம், ஆண் நோயாளிக்குப் பெண் ஆள் வந்தால் அவருக்குக் கூச்சம், “புருஷனை ஆள்கிட்ட விட்டுட்டு ஊர் சுத்தறா” என்று தெருவில் ஒரு பேச்சு. வருகிற ஆளுக்கும் வீட்டில் ஒரு பாட்டி இருக்கலாம், அதனால் கூலியில் பேரம் பேசாதீர்கள். அப்புறம் ஆரம்பித்துவிட்டு மூன்றே மாதத்தில் நிறுத்துவதென்றால் ஆரம்பிக்கவே வேண்டாம்.

வாக்கெடுப்பில் ஆறுக்கு நாலு என்று இதுவே ஜெயித்தது. ஒரு வீடு அத்தையுடையது, சொந்தக்காரருக்கே செய்கிறாயா என்று கேட்பவர்கள் கேட்கட்டும், அந்தப் பங்கை நானே போட்டுவிட்டேன். முதல் மூன்று சனிக்கிழமையும் அத்தை எங்கும் போகவில்லை, வந்த பெண்ணின் பின்னாலேயே நின்று கஞ்சியின் சூட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்காவது வாரம் கண்ணாடிக் கடைக்குப் போனார். போன வியாழக்கிழமை ராத்திரி போன், எப்போதும் மாமாவின் மருந்து பற்றித்தான் கேட்பார், இந்தத் தடவை எடுத்த எடுப்பிலேயே, “ஏண்டா, அந்தப் பொண்ணு இந்த வாரம் ஒம்பது மணிக்குப் பதிலா எட்டுக்கே வருமா?”